கலை இயக்கங்களும் அரசியல் புரட்சிகளும்: எது முன்னே, எது பின்னே?

பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. இடிந்து குவிந்த தடுப்பரண் மீது, ஒரு கையில் மூவண்ணக் கொடியும் இன்னொரு கையில் துப்பாக்கியுமாக ஒரு பெண் ஏறி வருகிறாள். காலடியில் பிணங்கள். பக்கத்தில் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு ஒரு சிறுவன். பிரெஞ்சுப் புரட்சி என்று எங்கே பேச்சு வந்தாலும் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் இது 1789 புரட்சியின் படமே இல்லை. 1830 ஜூலையில், மூன்றே நாளில் பத்தாம் சார்லஸ் மன்னரை விரட்டிய கிளர்ச்சியை யூஜின் தெலக்ருவா அதே ஆண்டு வரைந்தது. அந்தச் சண்டையில் அவர் கலந்துகொள்ளவில்லை. நாட்டுக்காகப் போரிடாவிட்டாலும் அதற்காக ஓவியமாவது தீட்டுகிறேன் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார்.

ஒரு மன்னர் போனார், இன்னொரு மன்னர் வந்தார். புதிய மன்னர் லூயி ஃபிலிப்பின் அரசு 3,000 பிராங்க் கொடுத்துப் படத்தை வாங்கியது. கொஞ்ச நாளில், இதைப் பார்த்து ஜனங்கள் மறுபடியும் தெருவில் இறங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிட்டது. அந்தப் படம் லூவ்ருக்கு வந்து சேர 1874 ஆகிவிட்டது.

புரட்சி வெடித்தது, அதனால் கலை மாறியது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்த வரி நிற்காது. பல நேரங்களில் பாணி முதலில் வந்துவிடுகிறது. பின்னால் வரும் புரட்சி அதை எடுத்து உடுத்திக்கொள்கிறது. சில இடங்களில் புரட்சியெல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக அதன் ஓவியம் வருகிறது.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே மாதிரியான கேள்விகளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் கலைஞர்களின் கூட்டத்தைக் கலை இயக்கம் என்கிறோம். சிலர் தாங்களே பெயர் வைத்து அறிக்கையும் வெளியிடுவார்கள். சிலருக்கு மற்றவர்கள் பெயர் வைப்பார்கள். அரசியல் புரட்சி என்பதற்கு, அரியணையில் ஆள் மாறினால் போதாது. ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கணக்கே மாற வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள கயிறு எது? காசுதான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பெரிய ஓவியங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் அரசர்கள், திருச்சபை, பிரபுக்கள். புரட்சி இவர்களைத் தள்ளியதும் ஓவியருக்கு எஜமானர் மாறுகிறார், படம் மாட்டும் சுவர் மாறுகிறது, பார்க்க வரும் கூட்டம் மாறுகிறது. தூரிகைப் பழக்கம் அதன் பிறகுதான், அதுவும் மாறினால்.

மன்னர் காசில் பிறந்த புரட்சிப் பாணி

ஜாக் லூயி டாவீத் இதற்குச் சரியான உதாரணம். ரோமாபுரிக் கதையொன்றில், மூன்று சகோதரர்கள் நாட்டுக்காக உயிரைக் கொடுப்பதாகத் தந்தையின் வாள்களை நோக்கிக் கைநீட்டிச் சபதம் செய்கிறார்கள். அதை அவர் 1784-ல் வரைந்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் அது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதற்கு முந்தைய ரொக்கோகோ பாணியின் இளஞ்சிவப்பு மேகங்களும் காதல் விளையாட்டுகளும் இதில் கிடையாது. நேர்கோடுகள், வெறுமையான பின்புலம், இறுகிய தசைகள். நியோகிளாசிசிசம், அதாவது புதுச் செவ்வியல் என்று இதைச் சொல்வார்கள். பின்னாளில் குடியரசுக்காரர்கள் தங்கள் உணர்வின் சின்னமாக இந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். ஆனால் வரையச் சொல்லிப் பணம் கொடுத்தது பதினாறாம் லூயியின் நிர்வாகம்! புரட்சிக்கு அப்போது இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

1792-ல் டாவீத், புரட்சியின் நாடாளுமன்றமான தேசிய மாநாட்டின் உறுப்பினரானார். 1793 ஜனவரியில், தனக்குப் படியளந்த அதே மன்னரின் தலையை வெட்ட வாக்களித்தார். அந்த ஆகஸ்ட் 10 அன்று மன்னரின் கலைச் சேகரிப்பு லூவ்ரில் பொது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கலை வரலாற்றில் புரட்சி செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் எந்த ஓவியத்தையும் சொல்ல மாட்டேன், இந்தத் திறப்பைத்தான் சொல்வேன். அரண்மனைக்குள் இருந்ததைத் தெருவில் போகிறவர் வந்து பார்க்கலாம் என்பது சாதாரண விஷயமில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூலை 13 அன்று, பத்திரிகையாளரும், ஜாக்கபின் என்ற தீவிரப் புரட்சி அணியின் தலைவருமான மாரா குத்திக் கொல்லப்பட்டார். தோல் நோய்க்காகக் குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொண்டிருந்தவரை, மனு கொடுப்பதுபோல வந்த ஷார்லோட் கோர்டே என்ற இளம்பெண் கத்தியால் குத்தினாள். டாவீத் வரைந்த படத்தை நிதானமாகப் பாருங்கள். மேல்பாதி முழுக்க வெறும் இருட்டுச் சுவர். ஒரு கை தொட்டிக்கு வெளியே தொங்குகிறது, விரல்களில் இன்னும் இறகுப் பேனா. இன்னொரு கையில் கொலைகாரியின் கடிதம். மேசையாக ஒரு மரப்பெட்டி. அதன் மேல் மைக்கூடு, ஒரு பணத்தாள், நாட்டைக் காக்கப் போய் இறந்தவனின் மனைவிக்கு, ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு, இந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று ஒரு குறிப்பு. கத்தி தரையில் கிடக்கிறது. நோயாளியின் தோலில் ஒரு வடுகூட இல்லை. கொலைகாரி படத்திலேயே இல்லை. சிலுவையிலிருந்து இறக்கிய கிறிஸ்துவின் உடலைக் காலங்காலமாக வரைந்து வந்த முறையில் தொங்கும் கையும் சாய்ந்த தலையும் அமைந்திருக்கின்றன. திருச்சபையை ஒதுக்கிய புரட்சி, தன் தியாகிக்குத் திருச்சபையின் ஓவிய மொழியையே கடன் வாங்கியது. இது பிரச்சாரப் படம்தான், சந்தேகமே இல்லை. பிரச்சாரம் என்று தெரிந்த பிறகும் மனதை அசைக்கிறது என்பதில்தான் டாவீத்தின் கெட்டிக்காரத்தனம்.

இவரே முடிக்க முடியாமல் விட்ட ஒரு படமும் உண்டு. 1789 ஜூன் 20 அன்று மக்கள் பிரதிநிதிகள் ஒரு டென்னிஸ் அரங்கில் கூடி, அரசியல் சாசனம் எழுதாமல் கலைவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அதைப் பிரம்மாண்டமாக வரைய டாவீத் இறங்கினார். பாதி வேலையில் நாயகர்கள் ஒவ்வொருவராகத் துரோகிகளாக ஆனார்கள். அந்த நாயகர்களில் ஒருவரான மிராபோ இறந்த பிறகு அவர் அரண்மனையோடு வைத்திருந்த இரகசியத் தொடர்பு அம்பலமானது. படத்தின் நடுவில் மேசைமேல் நின்று உறுதிமொழி வாசிக்கும் பாயி 1793-ல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்குப் போனார். வெர்சாயில் இன்றும் அந்தக் கேன்வாஸ் துண்டு இருக்கிறது: கோட்டுருவமாக ஆடையில்லா உடல்கள், சில தலைகளுக்கு மட்டும் வண்ணம்.

வண்ணம் காய்வதற்குள் அரசியல் மாறிவிடும் இந்தச் சிக்கல் பிரான்சோடு நிற்கவில்லை. 1949-ல் சீன மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்ட காட்சியை டோங் ஷிவென் 1953-ல் வரைந்தார். பிறகு அதில் இருந்த தலைவர்களில் ஒருவரான காவோ காங் பதவி இழந்ததும் படத்திலிருந்து அவரை அழிக்க வேண்டியதாயிற்று. கலாசாரப் புரட்சியில் லியூ ஷாவ்சி வீழ்ந்ததும் அவரையும். கடைசியில் வேறு ஓவியர்களைக் கொண்டு நகல் எடுத்து, அதில் பழைய ஆட்களை எல்லாம் மறுபடி சேர்த்தார்கள்.

டாவீத்தின் பிற்காலம் சுருக்கமானது. ஜாக்கபின்களின் தலைவர் ரோபெஸ்பியர் வீழ்ந்ததும் சிறை. வெளியே வந்து நெப்போலியனின் ஓவியர். மன்னனைக் கொல்ல வாக்களித்தவர் பேரரசரின் முடிசூட்டு விழாவை ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்தில் வரைந்தார். நெப்போலியனும் போன பிறகு பிரஸ்ஸல்ஸில் வனவாசம். 1825-ல் அங்கேயே இறந்தார்.

அளவும் அரசியல்தான்

1848-ல் ஐரோப்பா முழுக்கக் கிளர்ச்சிகள் பரவின. அடுத்த ஆண்டே குஸ்தாவ் கூர்பே, சாலையோரத்தில் கல் உடைக்கும் ஒரு கிழவரையும் ஒரு பையனையும் வரைந்தார். இருவர் முகமும் சரியாகத் தெரியாது. கிழிந்த சட்டையும் தேய்ந்த செருப்பும் தெரியும். அதோடு தன் ஊரான ஓர்னானில் நடந்த ஒரு சாவு ஊர்வலத்தை 6 மீட்டருக்கும் அதிக அகலத்தில் வரைந்து சலோனில் வைத்தார். யதார்த்தவாதம் என்ற இயக்கத்தின் தொடக்கம் இங்கேதான்.

இதில் என்ன புரட்சி என்று இன்றைக்குப் பார்ப்பவருக்குப் புரியாது. அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய கேன்வாஸ் மன்னர்களுக்கும் தேவர்களுக்கும் போர்க்களங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. ஏழை எளியவர்களை வரையக் கூடாது என்றில்லை, சின்னதாக, அழகாக வரைந்து வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். கிராமத்துச் சனங்களை ஆளுயரத்துக்கு வரைந்து நிறுத்தியதுதான் குற்றம். வாக்குரிமை எல்லா ஆண்களுக்கும் வந்திருந்த பிரான்சில், சாதாரண ஆளின் அளவு என்ன என்ற கேள்வி வெறும் கலைக் கேள்வியாக இருக்க முடியவில்லை.

கூர்பே கடைசியில் நிஜப் புரட்சியிலேயே மாட்டிக்கொண்டார். 1871 மார்ச்சிலிருந்து மே வரை பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு நகரத்தை ஆண்டது. நெப்போலியன் எழுப்பிய வெந்தோம் தூணைப் பிரித்து எடுத்துவிடலாம் என்று கூர்பே முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தார். தூணை இடிக்கக் கம்யூன் ஆணையிட்டது ஏப்ரல் 12-ல். அவர் கம்யூனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதே அதற்குச் சில நாள் கழித்து. மே 16-ல் தூண் விழுந்தது. கம்யூன் நசுக்கப்பட்டதும் அவருக்கு ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். அதோடு விட்டார்களா? தூணைத் திரும்பக் கட்டும் செலவு முழுவதையும் அவர் தலையில் போட்டார்கள்: 3,23,000 பிராங்குக்கும் மேல். ஆண்டுக்கு 10,000 வீதம் 33 வருடம் கட்ட வேண்டும். அவருக்கு அப்போது வயது 58. சுவிட்சர்லாந்துக்கு ஓடிப்போயிருந்த அவர், ஒரு தவணைகூடக் கட்டாமல் 1877 டிசம்பர் 31 அன்று கண்ணை மூடினார்.

கம்யூன் முடிந்து மூன்றே வருடத்தில், 1874-ல், கண்ணில் பட்ட கணத்தின் ஒளியை வேகமான தூரிகைத் தீற்றல்களில் பிடித்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி. நூற்றாண்டின் மிகப் பெரிய பாணி மாற்றம் இதுதான். ஆனால் அந்தப் படங்களில் தண்ணீரும் வெளிச்சமும் ரயில் பாலமும் இருக்கின்றன, ஆயிரக்கணக்கானோர் சுடப்பட்ட தெருக்கள் இல்லை. அந்தக் குழுவில் அராஜகவாத அனுதாபியான பிஸ்ஸாரோவும் இருந்தார், பின்னாளில், யூத ராணுவ அதிகாரி டிரேஃபஸ் மீது பொய்யாகப் போடப்பட்ட துரோக வழக்கில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்ற பழமைவாதி டெகாவும் இருந்தார். பாணியில் புரட்சிக்காரர் என்றால் அரசியலிலும் புரட்சிக்காரராக இருப்பார் என்று நினைப்பவர்கள் இந்த இருவரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இத்தாலியின் மாரினெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1909-ல், வேகத்தையும் இயந்திரத்தையும் கொண்டாடிய ஃபியூச்சரிச இயக்கத்தின் அறிக்கையில் போரைப் போற்றினார், அருங்காட்சியகங்களையும் அகாதமிகளையும் அழிப்போம் என்றார். பிறகு முசோலினியோடு சேர்ந்து, 1929-ல் இத்தாலிய அரச அகாதமியில் உறுப்பினராகவே உட்கார்ந்துகொண்டார்.

ரஷ்யா: சதுரம் முதல் சோஷலிச யதார்த்தவாதம் வரை

ரஷ்யக் கதையை எல்லோரும் 1917-லிருந்து தொடங்குவார்கள். நாம் 1915-லிருந்து தொடங்குவோம். அந்த டிசம்பரில், அன்றைய தலைநகர் பெத்ரோகிராதின் கண்காட்சி ஒன்றில் காசிமிர் மலேவிச் வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரத்தை வைத்தார். மாட்டிய இடம் முக்கியம்: அறையின் மூலையில், கூரைக்குப் பக்கத்தில். ரஷ்ய வீடுகளில் சாமிப் படம் வைக்கும் மூலை அது. பொருளும் இல்லை, உருவமும் இல்லை, ஓவியம் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கட்டும் என்பது அவர் வாதம். ஜார் அப்போது அரியணையில்தான் இருந்தார்.

1917 அக்டோபரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தபோது, பெயர்பெற்ற கலைஞர்கள் பலர் ஒதுங்கி நின்றார்கள். கையைத் தூக்கியவர்கள் இந்தப் புதுமைக்காரர்கள். கல்வி அமைச்சகத்தின் கலைப் பிரிவில் பதவிகள் அவர்களுக்குக் கிடைத்தன. சில ஆண்டுகள் வேறெங்கும் காணாத ஒரு கூத்து நடந்தது. மார்க் ஷகால் தன் ஊரான வித்தெப்ஸ்கின் கலை ஆணையரானார். புரட்சியின் முதல் ஆண்டு விழாவுக்கு ஊரையே அலங்கரித்தார். மாடு ஏன் பச்சையாக இருக்கிறது, குதிரை ஏன் பறக்கிறது, இதற்கும் மார்க்ஸுக்கும் லெனினுக்கும் என்ன சம்பந்தம் என்று கட்சிக்காரர்கள் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். எல் லிஸிட்ஸ்கி உள்நாட்டுப் போருக்காக ஒரு சுவரொட்டி செய்தார்: வெள்ளை வட்டத்துக்குள் ஒரு சிவப்பு முக்கோணம் பாய்கிறது. போல்ஷெவிக்குகளின் செம்படை, அவர்களை எதிர்த்த வெண்படையைப் பிளக்கிறது, அவ்வளவுதான் செய்தி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த நாட்டில் கவிஞர் மயாகோவ்ஸ்கியும் நண்பர்களும் செய்திகளைப் படங்களாக அச்சுத்தகட்டில் வெட்டி, வண்ணம் தடவி, காலியாகக் கிடந்த கடைகளின் கண்ணாடி ஜன்னல்களில் மாட்டினார்கள்.

விளாதிமிர் டாட்லின் எல்லாரையும்விட ஒருபடி மேலே போனார். உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்துக்கு 400 மீட்டர் உயர இரும்புக் கோபுரம், அன்றைய ஈஃபிள் கோபுரத்தைவிட ஏறக்குறைய 100 மீட்டர் அதிகம். உள்ளே கண்ணாடி மண்டபங்கள். ஒன்று ஆண்டுக்கு ஒருமுறையும், ஒன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஒன்று நாளுக்கு ஒருமுறையும் சுழல வேண்டும். 1920-ல் அவர் மக்களுக்குக் காட்டிய மாதிரி மரத்தால் ஆனது. ரொட்டிக்கே வழியில்லாத நாட்டில் இரும்புக்கு எங்கே போவது? கோபுரம் எழவே இல்லை. அந்தப் பாணிக்குக் கன்ஸ்ட்ரக்டிவிசம் என்று பெயர் நின்றது. கேன்வாஸ் ஓவியமே செத்துவிட்டது, இனி கலைஞர் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று அந்தக் குழு அறிவித்தது. லியுபோவ் போப்போவாவும் வர்வாரா ஸ்டெபானோவாவும் சொன்னபடியே ஒரு துணி ஆலைக்குப் போய்ச் சேலைத்துணிபோல் மீட்டர் கணக்கில் அச்சிடும் வடிவங்களைச் செய்தார்கள்.

தேனிலவு நீடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஸ்டாலின்தான் காரணம் என்று முடித்துவிடுவது சுலபம், ஆனால் பாதிதான் சரி. லெனினுக்கே இந்த வகைக் கலை பிடிக்காது. மயாகோவ்ஸ்கியின் நூல் ஒன்றை 5,000 பிரதி அச்சிட்டதற்காக 1921-ல் கல்வி அமைச்சர் லூனாசார்ஸ்கியைக் கடிந்துகொண்டார். 1922-லேயே யதார்த்த பாணி ஓவியர்கள் தனிச் சங்கம் அமைத்து, செம்படையின் ஆதரவோடு வீரர்களையும் தொழிலாளர்களையும் வரைந்து தள்ளினார்கள். அவர்களுக்கு ரசிகர்களும் இருந்தார்கள். ஆட்சியைப் பிடிக்கும்வரை எல்லாவற்றையும் உடைக்கும் கலை துணைக்கு வரும். ஆட்சியை நடத்தத் தொடங்கியதும் அரசுக்குத் தேவைப்படுவது, பார்த்தவுடன் எல்லாருக்கும் ஒரே அர்த்தம் தரும் படம். கறுப்புச் சதுரம் அந்த வேலைக்கு ஆகாது. 1932-ல் எல்லாக் கலைக் குழுக்களையும் அரசு கலைத்தது. 1934-ல், உழைப்பாளிகளையும் தலைவர்களையும் எல்லாருக்கும் புரியும்படி நாயகர்களாகக் காட்டும் சோஷலிச யதார்த்தவாதமே அதிகாரபூர்வப் பாணி என்றானது. மலேவிச் 1930-ல் கைதாகி விசாரிக்கப்பட்டார், பிறகு உருவப்படங்களுக்குத் திரும்பினார். 1933-ல் மறுமலர்ச்சிக் கால உடையில் தன்னையே வரைந்துகொண்ட படத்தில், கையெழுத்து போடும் மூலையில் ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம் இருக்கிறது.

மெக்சிகோவின் சுவர்கள்

மெக்சிகோவில் வரிசையே வேறு. 1910-ல் தொடங்கிய புரட்சியின் பத்தாண்டுகளில் பெரும்பகுதி ஓவியர் டியேகோ ரிவேரா ஐரோப்பாவில் இருந்தார், உருவங்களை வடிவத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிச ஓவியங்களும் அங்கே தீட்டினார். சண்டை ஓய்ந்து, 1921-ல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கொன்செலோஸ் அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். பெரும்பாலானோருக்குப் படிக்கத் தெரியாது. புரட்சியைச் சுவரில் எழுதலாம் என்பது திட்டம். ரிவேராவோடு ஓரோஸ்கோவும், புரட்சிப் படையில் போரிட்ட சிக்கெய்ரோஸும் சேர்ந்தார்கள்.

ஈரச் சாந்தில் வரையும் ஃப்ரெஸ்கோ என்ற சுவரோவிய வேலைக்குத் தனி ஒழுக்கம் உண்டு. அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவு இடத்துக்கு மட்டும் கொத்தனார் சுண்ணாம்புச் சாந்து பூசுவார். ஈரம் இருக்கும்போதே நீரில் கரைத்த வண்ணத்தை ஏற்றிவிட வேண்டும். காய்ந்தால் வண்ணமும் சுவரும் ஒன்றாகிவிடும், தவறினால் அந்த இடத்தைக் கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டியதுதான். யாரும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத ஓவியம். எஜமானர் மாறியதால் ஓவியத்தின் உடலே மாறியது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் சுவருக்கும் சொந்தக்காரர் உண்டு. 1933-ல், பெரும் பணக்காரக் குடும்பமொன்றுக்குச் சொந்தமான நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மையத்தில் ரிவேரா தன் சுவரோவியத்தில் லெனின் முகத்தைச் சேர்த்தார். எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். பேசிய கூலியை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, 1934 பிப்ரவரியில் சுவரைக் கொத்திப் போட்டார்கள். அவர் மெக்சிகோ நகரின் கலை மாளிகையில் அதையே திரும்ப வரைந்தார். ஓரோஸ்கோ வேறு ரகம். புரட்சியின் வீரத்தை வரைந்த கையாலேயே அதன் தலைவர்களின் பித்தலாட்டத்தையும் வரைந்தார். மூவரில் எனக்கு அவர்தான் அதிகம் பிடிக்கும்.

சந்தைக்குப் போகாத கலை என்ற இந்தக் கனவு 1968 மே மாதம் மறுபடி பாரிஸில் வந்தது. மாணவர் கிளர்ச்சியும் பொது வேலைநிறுத்தமும் நடந்தபோது, நுண்கலைப் பள்ளியைக் கைப்பற்றிய மாணவர்கள் அதை மக்கள் பட்டறை ஆக்கினார்கள். துணி வலை வழியாக மை தள்ளி அச்சிடும் சில்க் ஸ்கிரீன் முறையில், பெரும்பாலும் ஒரே வண்ணத்தில் சுவரொட்டிகள். எதிலும் யார் பெயரும் கிடையாது. எந்தப் படத்தை அச்சிடுவது என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். ஜூன் கடைசியில் போலீஸ் வந்து வெளியேற்றியது. அதே மாதத் தேர்தலில் குடியரசுத் தலைவர் டி கோல் தரப்பு பெரும்பான்மையோடு திரும்பி வந்தது. இவற்றை அலங்காரத்துக்கு மாட்டுவது இவற்றின் வேலையையே கெடுப்பது என்று பட்டறைக்காரர்கள் எழுதி வைத்தார்கள். இன்று அவை அருங்காட்சியகங்களில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன, ஏலத்திலும் விலை போகின்றன. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது இரவோடு இரவாகச் சுவரிலிருந்து உரித்து எடுத்து வைக்காமல் போயிருந்தால், மலிவுக் காகிதத்தில் அச்சான அந்தச் சுவரொட்டிகள் அடுத்த மழையிலேயே போயிருக்கும்.